விமானியும் தரையும் பேசிக்கொள்வதில் எங்கே தவறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவ விமானிகளுக்கு ரேடியோவில் எப்படிப் பேசுவது என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆட்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. எங்காவது விபத்து நடந்து செய்தியில் "தகவல் தொடர்புக் கோளாறு" என்று வந்துவிட்டால், விமானத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் இதே கேள்விகளோடு வருவார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தெரிந்ததாக எடுத்துக்கொள்கின்றன.

ஏடிசி, டவர், ஃப்ளைட் சர்வீஸ்... எல்லாம் ஒண்ணுதானே சார்?

இல்லை. ஏடிசி, அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, என்பது மொத்தக் குடும்பத்தின் பெயர். டவர் அதில் ஓர் ஆள். ஓடுபாதையும் அதைச் சுற்றிய சில மைல் வானமும் அதன் பொறுப்பு. கிளம்பிய விமானத்தை டவர் அடுத்தவரிடம் ஒப்படைக்கும், அவர் அதற்கடுத்த ஏரியா கன்ட்ரோலிடம் ஒப்படைப்பார், இப்படிக் கைமாறிக்கொண்டே போகும். இவர்கள் எல்லோரும் உத்தரவு போடக்கூடியவர்கள். ஏறு, இறங்கு, திரும்பு, காத்திரு என்பார்கள். விமானி செய்ய வேண்டும், முடியாவிட்டால் "அன்ஏபிள்" என்று உடனே சொல்ல வேண்டும்.

ஃப்ளைட் சர்வீஸ் வேறு. அமெரிக்காவில் அந்தப் பெயரிலேயே இருக்கிறது, மற்ற இடங்களில் விமானத் தகவல் சேவை என்பார்கள். வானிலை, எந்த ஓடுபாதை மூடியிருக்கிறது என்பது போன்ற அறிவிப்புகள், பயணத் திட்டத்தைப் பதிவு செய்வது, நேரத்துக்கு வந்து சேராத விமானத்தை விசாரிக்கத் தொடங்குவது எல்லாம் அவர்கள் வேலை. உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. ஏடிசியின் அனுமதியைச் சில சமயம் இவர்கள் வாங்கிச் சொல்வார்கள். அப்போது "ஏடிசி கிளியர்ஸ்" என்று ஆரம்பிப்பார்கள். அனுமதி கொடுத்தவர் இன்னொருவர், நான் தூது மட்டும்தான் என்று அதற்குப் பொருள்.

தொடர்பு போச்சுன்னா ரேடியோ கெட்டுப்போச்சுன்னுதானே அர்த்தம்?

அதுவும் நடக்கும், ஆனால் அரிது. பெரிய விமானங்களில் வழக்கமாக மூன்று விஎச்எஃப் ரேடியோக்கள் இருக்கும். மூன்றும் ஒன்றாகச் சாவது சுலபமில்லை. நடைமுறையில் நான் அதிகம் பார்ப்பது வேறு வகை: தவறான அலைவரிசையைத் திருப்பிவைத்தது, ஒலியளவைக் குறைத்துவிட்டு மறந்தது, ஹெட்செட் பிளக் பாதி கழன்றது, எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது, ஒருவர் பேசும்போதே இன்னொருவர் குறுக்கே பேசியது.

இவை எதுவும் என்னைப் பெரிதாகப் பயமுறுத்துவதில்லை. பதில் வரவில்லை என்றால், பதில் வரவில்லை என்பதாவது தெரிகிறதே! இரண்டு பக்கமும் உஷாராகிவிடும். பயப்பட வேண்டியது எல்லாம் கேட்டு, எல்லாவற்றுக்கும் பதிலும் வந்து, இருவர் மனதிலும் வேறு வேறு படம் இருக்கும்போதுதான். கீழே வரும் பெரிய விபத்துகள் பலவற்றில் ரேடியோ நன்றாகவே வேலை செய்துகொண்டிருந்தது.

செல்போன் இவ்வளவு தெளிவா இருக்கு, விமான ரேடியோ மட்டும் ஏன் இன்னும் கரகரன்னு?

விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான விஎச்எஃப் அலைவரிசையில், ஏஎம் முறையில் நடக்கிறது. பழைய முறைதான். வேண்டுமென்றே விட்டுவைத்த பழமை என்றும் சொல்லலாம். எஃப்எம் முறையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான அலை மற்றதை முழுசாக விழுங்கிவிடும், இன்னொருவர் பேசினார் என்பதே தெரியாது. ஏஎம்மில் இரண்டும் மோதி ஒரு கீச்சு ஒலி வரும். வார்த்தை புரியாது, ஆனால் யாரோ குறுக்கே பேசினார்கள் என்பது தெரியும். அந்தக் கீச்சு ஒலிக்கு அவ்வளவு மதிப்பு.

இன்னொரு விஷயம் தூரம். இந்த அலைகள் ஏறக்குறைய பார்வைக் கோட்டில்தான் போகும். 1,000 அடி உயரத்தில் சுமார் 40 கடல் மைல், 10,000 அடியில் சுமார் 120 கடல் மைல். நடுவில் மலை இருந்தால் அதுவும் இல்லை. சின்ன விமானத்தில் தாழப் பறப்பவர் "ரேடியோ செத்துவிட்டது" என்று பதறுவதற்கு முன், முடிந்தால் கொஞ்சம் மேலே ஏறிப் பார்க்கலாம்.

ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா அப்படி என்ன ஆயிடும்? திரும்பச் சொன்னா போச்சு!

திரும்பச் சொல்ல வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே. 1977 மார்ச் 27, கேனரித் தீவுகளில் டெனரிஃப் தீவின் லோஸ் ரோதேயோஸ் விமான நிலையம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் இங்கே திருப்பி அனுப்பப்பட்ட விமானங்களின் நெரிசல், அதோடு மூடுபனி. கேஎல்எம் நிறுவனத்தின் 747 விமானம் ஓடுபாதையின் ஒரு முனையில் நின்றது. பான் ஆம் நிறுவனத்தின் 747 அதே ஓடுபாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கேஎல்எம்முக்குக் கிடைத்திருந்தது கிளம்பிய பிறகு எந்த வழியில் போக வேண்டும் என்ற அனுமதி மட்டும். ஆனால் அந்த வாசகத்துக்குள்ளேயே "டேக்-ஆஃப்" என்ற சொல் இருந்தது.

கேஎல்எம் துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி, "வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்" என்று முடித்தார். கிளம்பத் தயாராக நிற்கிறோம் என்றா, கிளம்பிவிட்டோம் என்றா? டவர் முதலாவதாக எடுத்துக்கொண்டு, "ஓகே" என்றது. சற்று நிறுத்தி, "காத்திருங்கள், நான் அழைக்கிறேன்" என்றது. அதே நொடியில் பான் ஆம், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்றது. இரண்டும் மோதின. கேஎல்எம் விமானி அறையில் தெளிவாகக் கேட்டது "ஓகே" மட்டும், மீதி கீச்சு ஒலி. 583 பேர் இறந்தார்கள். வான்பயண வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து இல்லை.

அதன் பிறகு வந்த வழக்கம் இன்றும் கறாராக இருக்கிறது. "டேக்-ஆஃப்" என்ற சொல்லைக் கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் உச்சரிக்க வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் "டிபார்ச்சர்". மாணவர்கள் "ரெடி ஃபார் டேக்-ஆஃப்" என்றால் நான் வகுப்பை அங்கேயே நிறுத்திவிடுவேன். கொஞ்சம் அதிகம்தான், தெரியும்.

"ராஜர்"னா "சரி, செய்யறேன்"னுதானே?

"நீங்கள் சொன்னது முழுசாகக் காதில் விழுந்தது" என்று மட்டும்தான் அர்த்தம். செய்வேன் என்பதற்கு "வில்கோ". ஆம் என்பதற்கு "அஃபர்ம்", இல்லை என்பதற்கு "நெகடிவ்". "ஓடுபாதையைக் கடந்துவிட்டீர்களா?" என்ற கேள்விக்கு "ராஜர்" என்று பதில் சொன்னால் அது பதிலே இல்லை. மேலே சொன்ன டெனரிஃப் "ஓகே"யும் இந்த ஜாதிதான்: இருவருக்கும் இரண்டு அர்த்தம்.

சொன்னதையே திருப்பிச் சொல்றது நேரம் வீண் இல்லையா?

திருப்பிச் சொல்வதற்கு ரீட்பேக் என்று பெயர். எல்லாவற்றுக்கும் தேவையில்லை. வழி அனுமதி, ஓடுபாதையில் நுழைவது, இறங்குவது, கிளம்புவது, கடப்பது, வெளியே நிற்பது, உயரம், திசை, வேகம், உயரமானிக்கான காற்றழுத்த அளவு, டிரான்ஸ்பாண்டர் (ராடார் திரைக்கு விமானத்தை அடையாளம் காட்டும் கருவி) எண் ஆகியவற்றைக் கட்டாயம் திருப்பிச் சொல்ல வேண்டும். வானிலைத் தகவலை அப்படியே ஒப்பிப்பதுதான் வீண்.

இதன் மறுபாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திருப்பிச் சொன்னதைக் கன்ட்ரோலர் காது கொடுத்துக் கேட்டு, தப்பு இருந்தால் திருத்த வேண்டும். 1989 பிப்ரவரியில் கோலாலம்பூரை நெருங்கிய ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானம் 66இன் கதை இதுதான். 2,400 அடிக்கு இறங்கச் சொல்ல நினைத்த கன்ட்ரோலர், "டிசெண்ட் டூ ஃபோர் சீரோ சீரோ" என்றார். "இரண்டு" என்ற "டூ", விமானி அறையில் "வரைக்கும்" என்ற "டு"வாகக் கேட்டது. "ஓகே, ஃபோர் சீரோ சீரோ" என்று பதில் போனது, அதாவது 400 அடி. யாரும் திருத்தவில்லை. விமானம் மலைச்சரிவில் மோதி நான்கு பேரும் இறந்தார்கள். தரை நெருங்குகிறது என்று கருவி கத்தியும் விமானிகள் ஏறவில்லை என்பது தனிச் சோகம்.

எண்களை ஏன் விசித்திரமா உச்சரிக்கிறாங்க?

கரகரப்பில் ஆங்கிலத்தின் ஃபைவும் நைனும் ஒரே மாதிரி கேட்கும். அதனால் "ஃபைஃப்", "நைனர்". த்ரீ "ட்ரீ" ஆகிவிடும். இலக்கங்களைத் தனித்தனியாகச் சொல்வது பொது வழக்கம். ஆனால் அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது: 10,000 என்பதை "ஒன் சீரோ தௌசண்ட்" என்றும் 11,000 என்பதை "ஒன் ஒன் தௌசண்ட்" என்றும் சொன்னால், அவசரத்தில் ஒன்று மற்றதாகக் கேட்கும். அழுத்திச் சொல்ல வேண்டும் என்று தோன்றினால் "டென்", "லெவன்" என்று சேர்த்துச் சொல்ல அமெரிக்கக் கன்ட்ரோலர்களுக்கு அனுமதி உண்டு.

வேற விமானத்துக்குச் சொன்னதை நாம செய்துட்டா?

கால்சைன் குழப்பம் என்போம். ரேடியோவில் ஒரு விமானத்தை அழைக்கும் பெயர்தான் கால்சைன். ஒரே நிறுவனத்தின் 415உம் 514உம் ஒரே அலைவரிசையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். "இறங்கு" என்ற உத்தரவை இறங்க ஆசைப்பட்டுக் காத்திருப்பவர் தனக்கானதாகக் கேட்பார். காது அப்படித்தான், எதிர்பார்த்ததைக் கேட்கும். இரண்டு விமானங்களும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் மேலே சொன்ன கீச்சு ஒலி வரும், கன்ட்ரோலருக்குச் சந்தேகம் வர வாய்ப்புண்டு. ஒருவர் மட்டும், அதுவும் தவறான ஆள், பதில் சொன்னால்தான் சிக்கல்.

கால்சைனை முழுசாகச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் "இது எங்களுக்கா?" என்று கேளுங்கள். ஒரே மாதிரியான எண்கள் ஒரே வானத்தில் வராமல் இருக்கச் சில நிறுவனங்கள் எண்ணோடு எழுத்தையும் கலந்து வைக்கின்றன. தேவைப்பட்டால் கன்ட்ரோலரே தற்காலிகமாக ஒரு விமானத்தின் கால்சைனை மாற்றலாம்.

ரீட்பேக் சரியா இருந்தா கவலை இல்லைதானே?

இந்தக் கேள்விக்கு 2024 ஜனவரி 2 வரை நான் "ஏறக்குறைய" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று மாலை டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில், ஜப்பானிய கடலோரக் காவல்படையின் சின்ன விமானத்திடம் "சி-5 காத்திருப்பு இடம் வரை வாருங்கள், நம்பர் ஒன்" என்றது டவர். கிளம்பும் வரிசையில் நீங்கள் முதலில் என்று பொருள். அவர்கள் அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னார்கள், நன்றியும் சொன்னார்கள். பிறகு ஓடுபாதைக்குள் போய் நின்றார்கள். அனுமதி கிடைத்துவிட்டது என்று கேப்டன் நினைத்திருந்தார்.

பின்னாலிருந்து இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 மோதியது. அதிலிருந்த 379 பேரும் எரியும் விமானத்திலிருந்து தப்பினார்கள். சின்ன விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் இறந்தார்கள். வார்த்தைகள் ஒன்றுவிடாமல் சரியாகப் போய்ச் சேர்ந்தன, அர்த்தம் சேரவில்லை. ரீட்பேக் வார்த்தையைச் சோதிக்கும், எண்ணத்தைச் சோதிக்காது. விபத்துக்குப் பிறகு ஜப்பானில் இந்த "நம்பர் ஒன்" சொல்வதையே நிறுத்திவைத்தார்கள். தேவையில்லாத நல்ல செய்தியும் சில இடங்களில் ஆபத்துதான்.

அவசரம்னு சொன்னா பின்னாடி விளக்கம் கேப்பாங்களேன்னு தயக்கமா இருக்கு. சும்மா "முன்னுரிமை கொடுங்க"ன்னு கேட்டா போதாதா?

போதாது. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவின் ஏவியான்கா 52 நியூயார்க் வானில் மொத்தம் ஒரு மணி நேரம் 17 நிமிடம் வட்டமடித்துக் காத்திருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. "பிரையாரிட்டி" வேண்டும் என்றார்கள். முதல் முறை இறங்க முடியாமல் மீண்டும் மேலே ஏறியபோது, அவசரம் என்று சொல்லும்படி கேப்டன் துணை விமானியிடம் சொன்னார். துணை விமானி ரேடியோவில் சொன்னதோ, "மறுபடி முயல்கிறோம், எரிபொருள் தீர்கிறது". "எமர்ஜென்சி" என்ற சொல்லோ, உயிராபத்து என்று அறிவிக்கும் "மேடே"யோ கடைசிவரை வரவில்லை. நெரிசலான நேரத்தில் எரிபொருள் குறைவு என்று பலரும் சொல்வார்கள், கன்ட்ரோலருக்கு அது இன்னொரு முனகல். லாங் ஐலண்டின் கோவ் நெக்கில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

இப்போது இதற்கென்று இரண்டு தெளிவான வாசகங்கள் உண்டு. இனி தாமதித்தால் இறங்கும்போது கையிருப்பு எரிபொருளில் கைவைக்க நேரலாம் என்றால் "மினிமம் ஃப்யூயல்". கைவைத்தே ஆக வேண்டும் என்று கணக்கு சொன்னால் "மேடே மேடே மேடே ஃப்யூயல்". முதலாவது வெறும் எச்சரிக்கை, முன்னுரிமை கிடைக்காது. இரண்டாவது சொன்னால் எல்லோரும் வழிவிடுவார்கள். விளக்கம் கேட்டால் கேட்கட்டும். விளக்கம் சொல்ல நீங்கள் உயிரோடு இருப்பீர்கள்.

எல்லாரும் இங்கிலீஷ்லதான் பேசணுமா? எங்க மொழில பேசினா என்ன?

தரை நிலையம் வழக்கமாகப் பயன்படுத்தும் மொழியிலும் பேசலாம், சர்வதேசப் போக்குவரத்துக்கு ஆங்கிலமும் கிடைக்க வேண்டும் என்பது ஐகாவோ (சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு) விதி. 2008 முதல் விமானிகளுக்கும் கன்ட்ரோலர்களுக்கும் மொழித்தேர்வு கட்டாயம். ஆறு நிலைகளில் நான்காவதையாவது தொட வேண்டும், நான்கில் இருப்பவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் எழுத வேண்டும்.

இதற்குப் பின்னால் நிற்கும் விபத்துகளில் ஒன்று 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் நடந்தது. டெல்லியிலிருந்து ஏறிய சவூதியாவின் 747க்கு 14,000 அடி, இறங்கி வந்த கஜகஸ்தானின் இல்-76க்கு 15,000 அடி. கஜக் விமானத்தில் ஏடிசியோடு பேசியது விமானத்தை ஓட்டியவர் இல்லை, தனியாக ஒரு ரேடியோ ஆபரேட்டர். எதிரே விமானம் வருகிறது என்ற எச்சரிக்கையும் அவருக்குப் போனது. இருந்தும் அந்த விமானம் 15,000க்குக் கீழே இறங்கிவிட்டது. 349 பேர். வானிலேயே இரு விமானங்கள் மோதிய விபத்துகளில் இதுதான் மிக மோசமானது. என் கண்ணுக்கு மொழி இதில் பாதிதான். கேட்பவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர் என்று பிரித்ததில் இன்னொரு பாதி இருக்கிறது.

ஃப்ளைட் சர்வீஸ்கிட்ட எல்லாம் சொல்லிட்டேனே, டவருக்கு எப்படித் தெரியாம போச்சு?

சின்ன விமானம் ஓட்டுபவர்களிடமிருந்து வாராவாரம் வரும் கேள்வி. கண்பார்வையை நம்பிப் பறக்கும் பயணத்துக்கு நீங்கள் கொடுக்கும் திட்டம், நீங்கள் வந்து சேராவிட்டால் தேடுவதற்காகத்தான். அமெரிக்க முறையில் அது ஃப்ளைட் சர்வீஸிடமே இருக்கும், கன்ட்ரோலர் திரையில் வராது. கிளம்பியதும் அதை உயிர்ப்பிக்கச் சொல்ல வேண்டும். இறங்கியதும் நீங்களே முடித்துவைக்க வேண்டும். டவரில் "இறங்கிவிட்டேன்" என்று சொன்னால் அது தானாக முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். எதிர்பார்த்த நேரம் தாண்டி 30 நிமிடம் ஆனதும் தொலைபேசி விசாரணை தொடங்கும், அப்புறம் தேடுதல். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கப்போனவரை ராத்திரி எழுப்பிய கதை எல்லாப் பயிற்சிப் பள்ளியிலும் ஒன்று உண்டு.

ரேடியோவில் கூப்பிடும்போது இன்னொரு சிக்கல். ஃப்ளைட் சர்வீஸ் ஆள் ஓரிடத்தில் உட்கார்ந்து, பல ஊர்களில் இருக்கும் தொலைநிலை ரேடியோக்கள் வழியாகக் கேட்கிறார். பல இடங்களில் ஒரே அலைவரிசை. எந்த அலைவரிசையில், எந்த ஊருக்கு மேல் இருந்து கூப்பிடுகிறீர்கள் என்று சொல்லாவிட்டால் அவர் எந்தப் பொத்தானை அழுத்திப் பதில் சொல்வார்? பழைய முறை ஒன்றில் நீங்கள் 122.1இல் பேச வேண்டும், பதில் விஓஆர் என்ற வழிகாட்டிக் கருவியின் அலைவரிசையில் வரும். விஓஆரின் ஒலியைக் குறைத்து வைத்திருந்தவர்கள், அந்தப் பக்கம் தொண்டை கிழியப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, "யாருமே எடுக்கவில்லை" என்று புகார் சொல்வார்கள்.

சரி, ரேடியோ நிஜமாவே செத்துட்டா முதல்ல என்ன செய்யணும்?

விமானத்தை ஓட்ட வேண்டும். அதுதான் முதல் வேலை. அப்புறம் இரண்டாவது கேள்வியின் பதிலில் சொன்ன அற்பக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: ஒலியளவு, பிளக், அலைவரிசை, மைக் பொத்தான் சிக்கியிருக்கிறதா. அடுத்தவரிடம் ஒப்படைத்த பிறகு பதில் இல்லையென்றால் முந்தைய அலைவரிசைக்குத் திரும்புங்கள். பிறகு 121.5, அவசர அலைவரிசை. ஃப்ளைட் சர்வீஸையும் கூப்பிட்டுப் பார்க்கலாம், பக்கத்து விமானத்தைத் தூது போகச் சொல்லலாம். எதுவும் நடக்காவிட்டால் டிரான்ஸ்பாண்டரில் 7600. கன்ட்ரோலர் திரையில் உங்கள் விமானம் தனித்துத் தெரியும்.

உங்களுக்குக் கேட்கிறது, பேச மட்டும் முடியவில்லை என்ற நிலையும் உண்டு. கன்ட்ரோலர் "கேட்டால் இடப்பக்கம் திரும்புங்கள்" அல்லது "ஐடென்ட் பொத்தானை அழுத்துங்கள்" என்பார். டிரான்ஸ்பாண்டரில் இருக்கும் அந்தப் பொத்தானை அழுத்தினால் அவர் திரையில் உங்கள் விமானம் தனித்துக் காட்டும். அதனால் பதில் சொல்ல முடியாவிட்டாலும் கேட்பதை நிறுத்தாதீர்கள். உங்களுக்குக் கேட்காவிட்டாலும், எப்போது என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைக் குருட்டாம்போக்கில் சொல்லிக்கொண்டே இருங்கள். ஒருவேளை அங்கே கேட்கலாம்.

மேகத்துக்குள்ள இருக்கும்போது செத்துட்டா?

வெளியே தெளிவாகத் தெரிந்தால் விதி எளிது: தெளிவான வானத்திலேயே தொடர்ந்து, பொருத்தமான பக்கத்து விமான நிலையத்தில் இறங்கி, உடனே தகவல் சொல்ல வேண்டும். மேகத்துக்குள் என்றால், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தரையில் இருப்பவர் ஊகிக்க முடிய வேண்டும். மொத்த விதியும் அதற்காகத்தான். ஐகாவோ முறையில் கடைசியாகக் கொடுத்த உயரத்தையும் வேகத்தையும் ராடார் இல்லாத வானத்தில் 20 நிமிடமும், ராடார் கண்காணிப்பு உள்ள இடத்தில் 7 நிமிடமும் காத்து, பிறகு பதிவு செய்த திட்டப்படி போக வேண்டும். பாதுகாப்பான குறைந்தபட்ச உயரம் அதைவிட அதிகம் என்றால் அந்த உயரம். சேருமிடத்தின் வழிகாட்டிப் புள்ளிக்கு மேல் சென்று, சொல்லப்பட்ட நேரத்தில் இறங்கத் தொடங்கி, முடிந்தால் அதிலிருந்து 30 நிமிடத்துக்குள் தரையைத் தொட வேண்டும். அதுவரை மற்றவர்களை விலக்கி வைப்பார்கள்.

அமெரிக்காவில் நிமிடக் கணக்கு இல்லை. வழிக்கு ஒரு வரிசை: கொடுத்த வழி, திருப்பிவிட்டிருந்தால் எந்தப் புள்ளியை நோக்கியோ அது, எதிர்பார்க்கச் சொன்ன வழி, கடைசியாகப் பதிவு செய்த வழி. உயரத்துக்கு, கொடுத்தது, எதிர்பார்க்கச் சொன்னது, குறைந்தபட்சம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அது. நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால் போகும் நாட்டின் விமானத் தகவல் வெளியீட்டைக் கிளம்பும் முன்பே படித்துவிடுங்கள். மேகத்துக்குள் புத்தகம் புரட்ட முடியாது.

டவர்ல இருந்து லைட் அடிப்பாங்களாமே, இன்னுமா?

இன்னும்தான். பறக்கும் விமானத்துக்கு நிலையான பச்சை என்றால் இறங்கலாம். விட்டுவிட்டு எரியும் பச்சை என்றால் இறங்கத் திரும்பி வா. நிலையான சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டு வட்டமடி. விட்டுவிட்டு எரியும் சிவப்பு என்றால் விமான நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே. தரையில் நிற்பவருக்கு அர்த்தம் மாறும்: நிலையான பச்சை கிளம்பலாம், நிலையான சிவப்பு நில். பகலில் இறக்கைகளை ஆட்டியும் இரவில் இறங்கு விளக்கை இருமுறை மினுக்கியும் பார்த்துவிட்டேன் என்று சொல்லலாம். தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறுநாள் மறப்பவர்கள்தான் அதிகம். ஒரு சீட்டில் எழுதி விமானத்திலேயே ஒட்டி வையுங்கள்.

மணிக்கணக்கா பதிலே சொல்லாம போற விமானத்தை என்ன செய்வாங்க?

முதலில் எல்லா வழியிலும் கூப்பிடுவார்கள்: 121.5, நிறுவனத்தின் செய்தி வசதி, பக்கத்து விமானங்கள். கடைசியில் போர் விமானம் போகும். அது முன்னால் இடப்பக்கம் வந்து இறக்கையை ஆட்டினால் "என் பின்னால் வா" என்று பொருள். நீங்களும் ஆட்டிவிட்டுப் பின்தொடர வேண்டும்.

காரணம் இரண்டு துருவங்களில் இருக்கலாம். 2009 அக்டோபரில் நார்த்வெஸ்ட் 188 ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசவே இல்லை, மினியாபொலிஸைத் தாண்டி நூறு மைலுக்கு மேல் போய்விட்டது. விமானிகள் மடிக்கணினியில் மூழ்கியிருந்தார்களாம். 2005 ஆகஸ்ட் 14இல் ஹீலியோஸ் 522ஐ நெருங்கிய கிரேக்கப் போர் விமானிகள் கண்டது காலியான கேப்டன் இருக்கையையும் சாய்ந்து கிடந்த துணை விமானியையும். கேபின் அழுத்தம் போய் ஏறக்குறைய எல்லோரும் நினைவிழந்திருந்தார்கள். 121 பேரும் இறந்தார்கள். தரையிலிருந்து பார்த்தால் இரண்டு மௌனமும் ஒன்றுதான்.

தரையில இருக்கறவங்க ரேடியோவே போயிட்டா?

2004 செப்டம்பர் 14, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் வானத்தைக் கவனிக்கும் பாம்டேல் மையம். கன்ட்ரோலர்கள் விமானங்களைத் திரையில் பார்க்கிறார்கள், யாரோடும் பேச முடியவில்லை. சுமார் மூன்று மணி நேரம். மில்லி விநாடிகளை எண்ணும் ஒரு கவுன்ட்டர் 49.7 நாளில் தீர்ந்துவிடும் என்பதால் 30 நாளுக்கு ஒருமுறை கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும், அதை யாரோ செய்யவில்லை. மாற்று ஏற்பாடும் உடனே விழுந்தது. 2007இல் மெம்ஃபிஸ் மையத்தில் தொலைத்தொடர்பு அறுந்தபோது கன்ட்ரோலர்கள் சொந்த செல்போனை எடுத்துப் பக்கத்து மையங்களை அழைத்தார்கள். விமானி செய்ய வேண்டியது மேலே சொன்னதுதான். உங்கள் ரேடியோ செத்ததா அவர்களுடையதா என்று உங்களுக்கு முதலில் தெரியப்போவதில்லை.

ஏடிசி "இறங்கு"ன்னு சொல்லுது, விமானத்துல இருக்கற கருவி "ஏறு"ன்னு சொல்லுது. யார் பேச்சைக் கேக்கணும்?

கருவியின் பேச்சை. மோதல் தவிர்ப்புக் கருவியான டிகாஸ் கட்டளை கொடுத்துவிட்டால் அதற்கு எதிரான எந்த ஏடிசி உத்தரவும் செல்லாது. அந்தக் கட்டளைக்கு ஆர்ஏ என்று பெயர். ரேடியோவில் "டிகாஸ் ஆர்ஏ" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கன்ட்ரோலர் தலையிடாமல் ஒதுங்கிக்கொள்வார்.

2002 ஜூலை 1 இரவு ஜெர்மனியின் ஊபர்லிங்கன் மேலே இது இவ்வளவு தெளிவாக இல்லை. கன்ட்ரோலர் ஒருவரே இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், முக்கியத் தொலைபேசி இணைப்பு பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. ஆபத்தைக் கண்ட பக்கத்து கார்ல்ஸ்ரூ மையம் அழைத்துப் பார்த்தும் இணைப்பு கிடைக்கவில்லை. ரஷ்ய டியூ-154க்குக் கன்ட்ரோலர் இறங்கு என்றார், டிகாஸ் ஏறு என்றது. அவர்கள் இறங்கினார்கள். எதிரே வந்த டிஎச்எல் சரக்கு விமானமும் தன் டிகாஸ் சொன்னபடி இறங்கியது. 71 பேர். விமானியோடு பேசும் ரேடியோவைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், கன்ட்ரோலரும் கன்ட்ரோலரும் பேசும் தொலைபேசியை யாரும் நினைப்பதில்லை.

பேசறதாலதானே இவ்வளவு குழப்பம்? எல்லாத்தையும் மெசேஜா அனுப்பிட்டா?

பெருங்கடல்களுக்கு மேல் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. சிபிடிஎல்சி என்று பெயர். உத்தரவு எழுத்தாகத் திரையில் வரும், விமானி "வில்கோ" அல்லது "அன்ஏபிள்" பொத்தானை அழுத்துவார். "டூ", "டு" குழப்பம் இல்லை, குறுக்கே பேச முடியாது, கால்சைன் மாறாது. ஆனால் பதில் வர நேரம் எடுக்கும் என்பதால் ஓடுபாதை அருகே இது உதவாது. மற்ற விமானங்களுக்கு என்ன சொல்கிறார்கள் என்று காதில் விழுந்துகொண்டே இருப்பதும் போய்விடும். அப்படிக் காதில் விழுந்ததால் "அந்த ஓடுபாதையில் நாங்கள் இருக்கிறோமே" என்று யாரோ கத்தித் தவிர்த்த விபத்துகள் உண்டு.

எழுத்திலும் தவறு வந்திருக்கிறது. "இத்தனை மணிக்கு, இந்த உயரத்துக்கு ஏறு" என்று வரும் செய்தியில், மணியைக் கண் தாண்டிவிடும், உயரம் மட்டும் மனதில் பதியும், உடனே ஏறிவிடுவார்கள். வட அட்லாண்டிக்கில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அதனால் அங்கே இப்படி ஒரு பழக்கம் சொல்லித்தருகிறார்கள்: செய்தி வந்ததும் ஒருவர் மற்றவருக்கு வாசித்துக் காட்டக் கூடாது. இருவரும் தனித்தனியாக, வாயைத் திறக்காமல் படிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் என்ன புரிந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.